காது வைக்காத இயந்திரம்

எண்பதுகளில் எனக்குச் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் உற்பத்தி வரிசையில், கம்பி வேலிக்குள், வெளிநாட்டிலிருந்து வந்த வெல்டிங் ரோபோ ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். பார்க்க ஒற்றைக் கை மாதிரி இருக்கும். அதைக் கவனித்துக்கொண்டவரை நாங்கள் அண்ணன் என்போம்.

ஒரு பிற்பகல், தகடு சிக்கிக் கை பாதியில் நின்றது. நின்றேவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அண்ணன் வேலிக் கதவைத் திறந்து உள்ளே போய்த் தகட்டை இழுத்தார். இயந்திரமோ தகடு விலகக் காத்திருந்திருக்கிறது. விலகியதும் அவரை நெருக்கியபடி தன் வேலையைத் தொடர்ந்தது. அவர் கத்தினார். யாரோ ஓடிச் சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்குள் அவர் மூச்சு அடங்கிவிட்டது.

அக்கா என்று நான் கூப்பிடும் அவர் மனைவிக்கு ஆங்கிலம் வராது. சிராங்கூன் சாலையில் ஒரு மாடியில் இருந்த வக்கீலைப் பார்க்கவும் நான்தான் துணைக்குப் போனேன்.

"கதவத் தொறந்தா தானா நிக்கிற மாதிரி செஞ்சிருக்கணும்னு கம்பெனி சொல்லுது," என்றார் வக்கீல். "ஆஃப் பண்ணிட்டுப் போகணும்னு கம்பெனிதான் சொல்லிக் குடுத்திருக்கணும்னு ரோபோவச் செஞ்சவங்க சொல்றாங்க. உள்ள போனது அவரு தப்புன்னு ரெண்டு பேருமே சொல்றாங்க."

"அப்ப அவர அவரேதான் கொன்னுக்கிட்டாரா?" என்றார் அக்கா.

வக்கீல் ஃபைலை மூடினார்.

இயந்திரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். அதைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் வந்திருந்த நாளில் மேலாளர் எங்களை உள்ளே விட்டார். கை பழையபடி ஓடிக்கொண்டிருந்தது.

"அவரு கத்துனது இதுக்குக் கேட்டிருக்குமான்னு கேளும்மா."

கேட்டேன். அதற்குக் காது இல்லை என்றார் பொறியாளர்.

"ஏன் வைக்கலன்னு கேளு."

மேலாளர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அதையும் கேட்டேன். பொறியாளர் மெதுவாகப் பதில் சொன்னார். அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"வைக்கச் சொல்லி யாரும் கேக்கலையாம், அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். "அங்க இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சேம்மா."

வழக்கு நீதிமன்றம் ஏறவில்லை. பொறுப்பு யாருடையது என்று சொல்லாமலே இழப்பீடு கொடுத்து முடித்துக்கொண்டார்கள். கதவைத் திறந்தால் மின்சாரம் அறும்படி வேலியில் ஒரு சுவிட்ச் வந்தது. ஆனாலும் இரண்டு தகடுகளுக்கு நடுவே அந்தக் கை ஒரு கணம் சும்மா நிற்கும்போதெல்லாம் நான் வேலியை விட்டு ஓர் அடி பின்னால் நகர்வேன்.

சில வருடங்களில் அதை லாரியில் ஏற்றிப் போனார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. வேலியைப் பிடுங்கி, தரையில் போல்ட் இருந்த ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்தார்கள். கேன்டீனுக்கு அதுதான் குறுக்குவழி. ஆனால் நாங்கள் அந்த இடத்தைச் சுற்றியே நடந்தோம். புதிதாகச் சேர்ந்தவர்களும், ஏன் என்று தெரியாமலே, எங்கள் பின்னால் சுற்றி வந்தார்கள்.