லைட் அணையாமல் வண்டி நகராது

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. சாவியைத் திருப்பியதும் எரிந்து அணைகிற விளக்குகளில் மூன்று மட்டும் அணையவில்லை. ஒன்று சிவப்பு, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட பிரேக் விளக்கு. பக்கத்தில் மஞ்சளாக ஏ.பி.எஸ். அதற்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கார் படம், பின்னால் பாம்பு போன தடம் மாதிரி இரண்டு கோடு. வண்டி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் கோளாறு என்று அர்த்தமாம். நான் பார்ப்பதற்குள் பக்கத்து சீட்டில் இருந்தவர் பார்த்துவிட்டார்.

"பிரேக்கு லைட்டு எரியுது," என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார்.

அவர் என் கணவர். ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டியவர். இப்போது மறதி நோய். மகன் பெயர் போய்விட்டது, மேனாம்பேட்டில் நாங்கள் கட்டிய வீடு போய்விட்டது, நானும் போய்விட்டேன். ஒரு நாள் என்னைக் கண்டக்டர் என்பார், இன்னொரு நாள் டெப்போ மெக்கானிக் என்பார். வண்டி மட்டும் போகவில்லை. பிரேக் விளக்கு எரிகிற வண்டியை அவர் ஓட்டவும் மாட்டார், அதில் ஏறி உட்காரவும் மாட்டார்.

மறதி போதாதென்று கிட்னியும் கெட்டுவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூந்தமல்லிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். முந்தின முறை தெருவில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர், போக முடியவில்லை. காரும் அந்தத் தண்ணீரிலேயே நின்றது. இந்த விளக்குகள் எரிந்த அன்று காலையில் அவருடைய கால்கள் வீங்கி, செருப்பு நுழையவில்லை. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன்.

"இன்னைக்கும் விட்டுடாதீங்கம்மா, நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும்," என்றாள் நர்ஸ். "அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்லை."

ஆட்டோவில் போகவேண்டியதுதானே என்று எல்லோரும் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். போனேன். அம்பத்தூர் ஓ.டி. தாண்டுவதற்குள் ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதிக்கப் பார்த்தார். கால் டாக்ஸியில் போனேன். டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். ஆம்புலன்ஸில் இரண்டு பேர் தூக்கிப் போட்டபோது அலறிய அலறலில் பிரஷர் தாறுமாறாகி, அன்றைக்கு டயாலிசிஸே செய்யாமல் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் நான் இந்த வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டேன். பெங்களூரில் இருக்கிற மகன், ஓட்டப்போவது அம்மா என்று பயந்து, இருக்கிற பாதுகாப்பு வசதியெல்லாம் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கிக்கொடுத்தான். அந்த வசதிதான் இப்போது மஞ்சளாக எரிந்து என் உயிரை எடுத்தது.

பூந்தமல்லியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் பாயைப் போனில் பிடித்தேன்.

"ஷெட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சும்மா, இப்ப வரமுடியாது. நான் சொல்றத செய்ங்க. ஹேண்ட் பிரேக்கு ஃபுல்லா எறங்கிக்கீதா?"

இறக்கித்தான் இருந்தது. பானெட்டைத் திறக்கச் சொன்னார். பிரேக் ஆயில் டப்பாவில் மேல்கோட்டுக்குக் கிட்டே நின்றது. பெடலை மிதிக்கச் சொன்னார். கெட்டியாக நின்றது.

"அப்ப பிரேக்கு நல்லாகீது. பேட்டரிய பாருங்க, பூத்துகீதா?"

பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருமிப்போயிருந்தது. கரண்ட் சரியாக வரவில்லை என்றால் எல்லா லைட்டும் சேர்ந்து எரியுமாம். மைனஸ் பக்கத்தை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துவிட்டு மாட்டச் சொன்னார்.

அடுப்பில் வெந்நீர் வைத்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் நட்டில் பிடிக்காமல் வழுக்கி வழுக்கி என் விரல் முட்டி தோல் உரிந்தது.

"இன்னா மெக்கானிக்கு, எம்மா நேரம்?" என்றார்.

"வாயை மூடிக்கிட்டு உட்காருங்க," என்று கத்தினேன். அவர் முகம் சுண்டிப்போனது. நோயாளியிடம் கத்துகிறோமே என்று நினைக்கக்கூட எனக்கு நேரமில்லை. நட்டு அசைந்தது. வெந்நீர் ஊற்றினேன், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன், துடைத்தேன், மாட்டி முறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். சிவப்பு அணைந்தது. ஏ.பி.எஸ். அணைந்தது. அந்தப் பாம்புத் தடம் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி பாய்க்குப் போன் செய்தேன்.

"அது அப்டித்தாம்மா. பேட்டரி கழட்டுனா ஸ்டியரிங் எந்தப் பக்கம் கீதுன்னு வண்டி மறந்துடும். ஸ்டியரிங்க லெஃப்ட்ல ஃபுல்லா ஒடிங்க, ரைட்ல ஃபுல்லா ஒடிங்க, நேரா கொஞ்ச தூரம் ஓட்டுங்க. தானா அணைஞ்சிடும்."

வண்டிக்கும் மறதியா என்று வாயில் கெட்ட வார்த்தை வந்தது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்தேன். விளக்கு அணையவில்லை. இனி ஓட்டினால்தான் அணையும். கியர் போட்டு நிமிர்ந்தால், அவர் பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நிற்கிறார்.

"லைட்டு எரியுது. எடுக்காத."

"ஓட்டினாதாங்க அணையும். நகருங்க!"

"அணைஞ்சாதான் எடுக்கணும்."

ஹாரன் அடித்தேன். அசையவில்லை. இறங்கிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அந்த மூச்சிலும் எங்கிருந்து பலம் வந்ததோ, என்னால் அசைக்க முடியவில்லை. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. நடுத்தெரு என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"செத்துடுவீங்க! இப்ப போகலைன்னா செத்துடுவீங்க, புரியுதா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. விஷயம் தெரியாதவளுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி, மூச்சை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"உனுக்கு இன்னாம்மா, டூட்டி முடிஞ்சா போய்டுவ. எனுக்கு ஊட்டுக்காரி காத்துனு கீறா. நான் போவாம சாப்ட மாட்டா. பிரேக்கு இல்லாத வண்டில போய் எனுக்கு எதுனா ஆச்சுன்னா, அவளுக்கு யாரு கீறா?"

உண்மைதான். செகண்ட் ஷிஃப்ட் முடித்து அவர் வந்த பிறகுதான் நான் சாப்பிடுவேன். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கவனித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. உட்கார்ந்து அழ அப்போது அவகாசம் ஏது?

"அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க," என்றேன். "நீங்க வருவீங்கன்னு வாசல்ல நிக்கிறாங்க."

"அவளுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லை. உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"அத்த மொதல்ல சொல்றதில்ல?" என்று மூச்சு இரைக்க ஓடிவந்து ஏறிக்கொண்டார். தெருமுனை தாண்டுவதற்குள் விளக்கு அணைந்தது. "பாருங்க, அணைஞ்சிடுச்சு," என்றேன். அவர் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு, விரலால் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். திருவேற்காடு தாண்டி மெட்ரோ வேலையில் வண்டிகள் நின்றபோது, "சீக்கிரம் போம்மா," என்று என்னிடம் கெஞ்சினார்.

நல்லவேளை, உடனே மெஷினில் போட்டார்கள். ஊசி குத்தும்போது அவர் எதிர்க்கவில்லை. "என் ஊட்டுக்காரி வந்தா உள்ள உடுங்க," என்று மட்டும் நர்ஸிடம் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். "வந்துட்டு இருக்காங்க," என்றேன்.

வாசலில் நிற்கிற அந்தப் பெண்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளும் நான்தான் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதில் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சு சீரானது. என்னைத் தாண்டிக் கதவையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் நவுந்து குந்தும்மா," என்றார். "அவ வந்தா தெரியாது."

நான் ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.