எழுத வராத பிள்ளைகளுக்கு இடம் கேட்டுப் போன அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகனின் வணக்கம். நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று பெரியப்பா சொல்லி அனுப்பினார். அம்மாவைப் பற்றி எழுத என்னிடம் நல்லது மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்களைப் பற்றித்தான், என்னையும் சேர்த்து, அப்படி எழுத முடியவில்லை.

அம்மா பிறந்தது திருப்புட்குழியில். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அப்பா காலமானார். அதன்பிறகு ஏரித் தண்ணீருக்கு முறை கேட்பது முதல் வேர்க்கடலை பிடுங்க ஆள் சேர்ப்பது வரை எல்லாம் அம்மாதான்.

என் தங்கைக்கு எழுத வராது. பாடத்தை ஒருமுறை வாசித்துக் காட்டினால் பத்து நாள் கழித்துக் கேட்டாலும் பிசகாமல் சொல்வாள். தாளில் எழுதினால் எழுத்துகள் இடம் மாறிவிடும். 'தவளை' என்பதை 'வதளை' என்று எழுதிவிட்டுச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்பாள். பள்ளியில் அடித்தார்கள். ஊரில் மக்கு என்றார்கள். அது புத்திக்குறைவு இல்லை, வேறொன்று என்று எடுத்துச் சொல்ல எங்களுக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. அம்மா தினமும் எழுத்துக்கூட்டிப் பாடங்களை வாசித்துக் காட்டுவார். இவள் கேட்டுப் படிப்பாள். பத்தாம் வகுப்பை இரண்டாம் முறையிலும், பிளஸ் டூவைத் தட்டுத்தடுமாறியும் தேறினாள். கல்லூரியில் விலங்கியல் படிக்க வேண்டும் என்றாள்.

அப்போது நான் பட்டணத்தில் ஒரு கல்லூரியில் கடைசி வருடம். அம்மாவும் தங்கையும் அங்கேயே விண்ணப்பம் போட்டார்கள். நேர்முகத்தில் பேராசிரியர் ஒருவர் அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார். அவள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். அவர் பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரையும் கூப்பிட்டு, திரும்ப வாசிக்கச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"எம் பொண்ணுக்கு எல்லாம் தலையில கீது சார். தாள்லதான் வரமாட்டேங்குது. நீங்க வாயால கேட்டுப் பாருங்க," என்றார் அம்மா.

"புத்தி வளர்ச்சி இல்லைன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கம்மா. அதுக்குத் தனியா இடம் இருக்கு. இது காலேஜ்," என்றார் அவர்.

நான் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கூட இருந்த நண்பன், "யார்டா அவங்க?" என்று கேட்டான். "எங்க ஊர்க்காரங்க," என்றேன். வெளியே வந்துகொண்டிருந்த அம்மாவின் காதில் அது விழுந்தது. என்னைப் பார்க்காமல் தங்கையைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதன்பிறகு மூன்று கல்லூரிகள் ஏறி இறங்கினார். நாலாவதாகப் போன பெண்கள் கல்லூரியின் முதல்வர் அம்மையார், அம்மா சொன்னபடியே ஒரு பாடத்தைத் தானே வாசித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டார். தங்கை மீன் மூச்சு விடுவதை அடி முதல் நுனி வரை விளக்கினாள். அன்றே இடம் கொடுத்தார்.

தேர்வுக்கு, இவள் சொல்லச்சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டு அம்மா தேர்வு அலுவலகத்துக்குப் போனார். கண் தெரியாதவர்களுக்கும் கை உடைந்தவர்களுக்கும் மட்டும்தான் என்றார்கள். பின்னாலேயே ஓர் எழுத்தர் வந்து, "கையில மாவுக்கட்டு போட்டுக்கினு டாக்டர் சீட்டோட வரச் சொல்லும்மா, ஆள் தருவாங்க," என்றார்.

"கை நல்லாத்தான கீது? நெசத்த சொன்னா இல்ல, பொய் சொன்னாதான் குடுப்பீங்களா?"

"எல்லாரும் அப்படித்தாம்மா பண்றாங்க."

தங்கை கட்டுப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள். தானே எழுதினாள். மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்தில் முடித்தாள். இன்று பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள்.

இதைக் கேள்விப்பட்டு முதலில் வந்தவர், வாலாஜாபாத் ரைஸ்மில்லில் நெல் உலர்த்தும் ஓர் அம்மாள், தன் மகனோடு. பிறகு மேலும் சிலர் வந்தார்கள். அம்மா அவர்களோடு பஸ் ஏறிப் போவார். எந்தக் கல்லூரியில் யார் காதுகொடுத்துக் கேட்பார், விண்ணப்பத்தை யாரிடம் நிரப்பி வாங்குவது என்றெல்லாம் அவருக்கு அத்துப்படியாகியிருந்தது. "புத்தி இல்லன்னு எழுதி மட்டும் வாங்கிடாதீங்க. அப்பால அந்தக் காயிதம்தான் புள்ளைக்கு முன்னால போகும்," என்பார். கடைசிவரை மூன்று பிள்ளைகளுக்குத்தான் இடம் வாங்க முடிந்தது. மற்றவர்களைப் படிக்கட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

எங்கள் சித்தப்பா ஒருவர், "அண்ணி பைத்தியங்கள பஸ் ஏத்தி வுட்டுக்கினு கீது," என்று டீக்கடையில் சொல்லி, இருந்தவர்களையும் சிரிக்க வைத்தவர். இரண்டு வருடம் கழித்துத் தன் மகனைக் கூட்டிக்கொண்டு, தெருவாசல் வழியாக வராமல் மாட்டுக்கொட்டகை வழியாக வந்தார். "யாருக்கும் தெரிய வாணாம் அண்ணி," என்றார். அம்மா அவனுக்காகவும் போனார். அந்த மூவரில் ஒருவன் அவன். இன்று பந்தியில் முதல் வரிசையில் சித்தப்பாவைப் பார்ப்பீர்கள்.

போன வருடம் சேர்க்கைச் சமயத்தில், கூரம் கிராமத்துப் பையன் ஒருவனுக்காக மூன்று நாள் வெயிலில் அலைந்து வந்த அம்மாவுக்கு மார்வலி வந்தது. அரசு மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கூரம் பையனுக்கு இன்னா சொன்னாங்கன்னு போய்ப் பாத்துட்டு வா," என்றார். போனேன். இல்லை என்றுதான் சொன்னார்கள். திரும்பி வந்து, யோசிப்பதாகச் சொன்னார்கள் என்றேன். அம்மா நம்பினாரா என்று தெரியாது.

பாடத்தை வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்ட முதல்வர் அம்மையாருக்கும், மில் வேலையை விட்டுவிட்டு ஆறு நாளும் அம்மாவின் கட்டிலருகே இருந்த வாலாஜாபாத் அம்மாளுக்கும், அந்த ஆறு நாளும் எங்கள் வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மற்றவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காரியத்தன்று உங்களில் நாலைந்து பேர் தங்கையிடம், "உன் ஒருத்தியாலதான்டி உங்கம்மா அலஞ்சு அலஞ்சு செத்தா," என்று சொன்னீர்கள். அவளும் அதை நம்பி ஒரு வருடமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்று அவள்தான் உங்களுக்குப் பரிமாறப்போகிறாள். அவள் காதில் மறுபடி அதைச் சொல்லாதீர்கள். அம்மாவை அலையவிட்டது அவள் இல்லை. வராந்தாவில் நின்ற நானும், டீக்கடையில் சிரித்த நீங்களும்தான்.