குந்துகல்லுக்குக் கீழே

நாங்கள் வீடு கட்டிக் குடிபோன ஊர் நாகமலைக்கும் அதற்கு எதிரே நிற்கும், கரடு என்று சொல்கிற சின்னப் பாறைக்குன்றுக்கும் நடுவே இருக்கிறது. நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தென்னந்தோப்புகளைத் தாண்டி உள்ளே போக வேண்டும். என் கணவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. நான் பெரிய ரோட்டோரம் உள்ள பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். பிறந்து வளர்ந்தது கோரிப்பாளையத்தில். அங்கே தெருவில் கேட்கிற சத்தத்தை வைத்தே மணி சொல்லிவிடுவேன். இங்கே வந்த புதிதில் எனக்கு நேரமே பிடிபடவில்லை. சாயங்காலம் மலையின் நிழல் திடுமென்று ஊரை மூடிவிடும். இருட்டிவிட்டதென்று விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்தால், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கரட்டின் உச்சியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

நாகமலைச் சரிவில், ஊருக்கு நேர் மேலே, ஒரு பெரிய உருண்டைப் பாறை இருக்கிறது. குந்துகல் என்பார்கள். ஓர் ஆள் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து கீழே பார்ப்பது போல இருக்கும். அடியில் ஒரு பக்கம்தான் மலையைத் தொடுகிறது. மறுபக்கம் கையை உள்ளே விட்டு எடுக்கலாம். தூரத்திலிருந்தே தெரியும் என்பதால், எங்கள் வீட்டுக்கு வழி கேட்பவர்களிடம் குந்துகல்லைப் பார்த்து வரச் சொல்லுவோம். அதற்குக் கீழே நாலைந்து வீடுகள் இருந்தன. அதில் ஒன்றில் இருந்த அக்காவிடம்தான் நாங்கள் பால் வாங்கினோம்.

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பிள்ளைகள் திருப்பூரில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். பால் ஊற்ற வந்தால் கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டுத்தான் போவார். அவருடைய வீட்டுக்காரரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். ஆடு வைத்திருந்தார். வழியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒரு வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் அதிகாரிகள் வந்து மலையேறிப் பார்த்தார்கள். குந்துகல்லின் அடி அரித்துப்போயிருக்கிறது, கீழே இருப்பவர்கள் இடம் மாறுவது நல்லது என்றார்கள். பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில், சமவெளியில், காலனி வீடுகள் தயாராக இருந்தன. கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டவர்கள் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து ஊரில் ஆளுக்கொரு பேச்சு. போன வருடத்தைவிடக் கல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்றார் கடைக்காரர். அது எப்போதும் அப்படித்தான் இருந்தது, நம் கண்தான் திரும்பியிருக்கிறது என்றார் அவருடைய தம்பி. நானும் தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது அண்ணாந்து பார்ப்பேன். ஒரு நாள் சாய்ந்த மாதிரி இருக்கும். மறுநாள் அசையாமல் குத்தவைத்திருக்கும். எங்கள் வீடு எதிர்ப்பக்கம், கரட்டை ஒட்டி இருந்ததால் எனக்கு என்னைப் பற்றிக் கவலை இல்லை. அக்காவை நினைத்துத்தான் பார்த்தேன்.

ஒரு நாள் காலையில் பாலை ஊற்றிவிட்டு அக்கா போகாமல் நின்றார்.

"டீச்சர், அது விழுமா விழாதா? நீங்க படிச்சவுக, சொல்லுங்க."

நான் படித்தது வேதியியல், கல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

என் கணவருக்குத் தெரிந்த நிலவியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்து வந்தோம். வெயிலோடு ஏறி, பாறையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். விரிசலுக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். இறங்கி வந்து எங்கள் வீட்டில் மோர் குடித்துக்கொண்டே, இந்த மழையிலேயே விழலாம், நம் பேரப்பிள்ளைகள் காலம் தாண்டியும் நிற்கலாம் என்றார். அப்படியானால் நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் அக்காவிடம் அதை அப்படியே சொன்னேன்.

"அது சரி. நீங்க என்னா சொல்றீக?"

மறுபடியும் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் அவர் விடாமல் பார்த்துக்கொண்டே நின்றதால், நானாக இருந்தால் போயிருப்பேன் என்று வாயில் வந்துவிட்டது. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே மாட்டை ஓட்டிக்கொண்டு அவர் காலனிக்குப் போனார். மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அண்ணன் போகவில்லை. டீச்சர் சொன்னதற்காக வீட்டைவிட்டுப் போக முடியுமா என்று கடையில் வைத்துக் கேட்டாராம். அதற்குப் பிறகு என்னை வழியில் பார்த்தால் தலையாட்டுவதும் நின்றுபோனது.

அக்கா அங்கே, அண்ணன் இங்கே என்று மாதங்கள் ஓடின. நான் அவர்களைப் பிரித்துவிட்டேனா, காப்பாற்றினேனா, அல்லது நான் சொன்னதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லையா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். மழை பெய்தால் எழுந்து ஜன்னலைத் திறந்து அண்ணன் வீட்டுப் பக்கம் பார்ப்பேன். கல் விழக்கூடாது என்று மனசு அடித்துக்கொள்ளும். கூடவே, விழாவிட்டால் நான் சொன்னது வீணாகப் போகுமே என்று ஓர் எண்ணம் எட்டிப்பார்க்கும். இரண்டையும் எப்படி ஒரே ஆள் நினைக்க முடியும் என்று புரியாமல் போய்ப் படுத்துக்கொள்வேன். என் கணவரிடம் சொன்னபோது, நீ ஒரு கருத்துச் சொன்னாய், அவ்வளவுதானே என்றார்.

அடுத்த வருடம் கார்த்திகையில் விடாமல் மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மத்தியானம் நானும் என் கணவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லாரி கல்லைக் கொட்டியது போல ஒரு சத்தம் கேட்டது. வீடு ஒரு தடவை அதிர்ந்தது. குந்துகல் விழுந்துவிட்டது, அண்ணன் போய்விட்டார் என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினேன். மழைக்கு நடுவே குந்துகல் அப்படியே உட்கார்ந்திருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மலையையே பார்த்துக்கொண்டு நிற்க, என் கணவர் வீட்டுக்குள்ளிருந்து என்னைப் பின்பக்கம் வரச் சொல்லிக் கூப்பிட்டார்.

எங்கள் குளியலறை இல்லை. கரட்டிலிருந்து உருண்டு வந்த பாறை ஒன்று அதன் சுவரை இடித்துத் தள்ளிவிட்டு, சமையலறை மூலையில் முட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னாலேயே சேறும் சின்னக் கற்களும் வழிந்துகொண்டிருந்தன. அந்தக் கரட்டை நாங்கள் யாரும் பயந்து அண்ணாந்து பார்த்ததில்லை. பேராசிரியர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் எங்கள் வீட்டில் மோர் குடித்தார்.

முதலில் ஓடி வந்தவர் அண்ணன்தான். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து நனைந்துகொண்டே வந்தார். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடி ஏதும் படவில்லையே என்று கேட்டார். பிறகு பாறையைப் பார்த்தார், குந்துகல்லைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்புட்டுப் பேரும் அங்கிட்டே பாத்துக்கிட்டு இருந்துருக்கோம்," என்றார்.

சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்தது, மெத்தையையும் துணிகளையும் முன்னறைக்கு மாற்றியது, லோடு ஆட்டோவுக்குப் போன் போட்டது எல்லாம் அவர்தான். எங்கே போவது என்று நாங்கள் பேசி முடிப்பதற்குள் ஆட்டோக்காரரிடம் காலனிக்குப் போகச் சொல்லிவிட்டார். அவரும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். அக்கா போனதிலிருந்து அவர் அக்காவின் காலனி வீட்டு வாசலை மிதித்ததில்லை என்பது எனக்குப் பாதி வழியில்தான் உறைத்தது.

அக்கா கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார், அவரையும் பார்த்தார். உள்ளே வரச் சொன்னார். துண்டு கொடுத்தார். எல்லோருக்கும் சோறு போட்டார். அண்ணன் சாப்பிட்டு முடித்து, ஆடு தனியாகக் கிடக்கிறது, போய்ட்டு வாரேன் என்று கிளம்பினார். சரி என்றார் அக்கா. அவ்வளவு மாதங்களுக்குப் பிறகு அவர்களுக்குள் அந்த ஒரு வார்த்தைதான்.

வீடு சரியாகும்வரை அக்காவோடு இருந்தோம். காலனியில் மலை ஒரு நீலக் கோடாகத்தான் தெரிந்தது. பஸ் சத்தம் கேட்டது. எனக்குக் கோரிப்பாளையத்துக்கே திரும்பிவிட்டது போல நன்றாகத் தூக்கம் வந்தது, அதனால் குழப்பம் இன்னும் கூடியது. திரும்பிப் போவதா, இங்கேயே ஏதாவது வீடு பார்ப்பதா? ஒரு நாள் அக்கா பூத் தொடுத்துக்கொண்டிருந்தபோது அவரிடமே கேட்டுவிட்டேன்.

"எனக்கு எப்புடித் தெரியும் டீச்சர்?" என்றவர், அடுத்த பூவை எடுத்துக்கொண்டே, "நான் கல்லுக்குப் பயந்து இங்க வரல," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் தொடுப்பதை நிறுத்தாமல் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மலையடியில் கிடந்தது, தண்ணீருக்கு ஏறி இறங்கியது, ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் தேடியது எல்லாம் போதும் என்று இருந்ததாம். பஸ் வருகிற இடத்தில், வாசலில் ஆள் நடமாட்டம் தெரிகிற வீட்டில் இருக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசையாம். அதை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லையாம்.

அப்படியானால் என்னிடம் எதற்குக் கேட்டீர்கள், விழாது என்று நான் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன்.

"அப்பயும் வந்துருப்பேன். டீச்சர் சொன்னாகன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்ல," என்று சிரித்தார்.

கோபம் வர வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. நிம்மதியும் முழுசாக வரவில்லை. அண்ணனுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றுதான் நினைக்கிறேன், அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை என்றார்.

மழை விட்ட பிறகு ஆட்கள் வந்து கரட்டில் ஆடிக்கொண்டிருந்த கற்களை இறக்கிவிட்டு, இனிப் பயமில்லை என்றார்கள். அதை நம்புவதா என்று எனக்குத் தெரியாது. சுவரைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனோம். கட்டிய வீட்டை விட்டுவிட்டு எங்கே போவது என்பது என் கணவரின் கட்சி. அவர் பழையபடி கரட்டை ஒட்டிய பின்னறையில் தூங்குகிறார். நான் முன்னறையில் பாய் விரித்துக்கொள்கிறேன். விருந்தாளிகள் வந்தால் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அண்ணன் இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காலனிக்குப் போய்விட்டு, படுக்க மேலே வருகிறார். வழியில் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறார். போன மாதம் ஆடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டுபோய் அக்கா வீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கிறார். ஆடு வந்துவிட்டது, அடுத்து அவர்தான் என்கிறார் அக்கா. மேய்ச்சல் தோதாக இருக்கிறதே என்று கட்டியிருக்கிறேன், தை பிறந்ததும் மேலே ஓட்டி வந்துவிடுவேன் என்கிறார் அண்ணன். அக்கா சொல்லும்போது அதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. அண்ணன் சொல்லும்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.