ஊருக்குத் தெரியாத ஜெபக் குறிப்பு

துபாய் ஜெபல் அலியில் எங்கள் தேவாலயக் கட்டடத்தின் மாடி நடையில் ஞாயிறு மாலை நின்றால், ஆண்டவருடைய காது என்ன பாடுபடும் என்று இரக்கமாக இருக்கும். முதல் அறையில் தமிழ், அடுத்து மலையாளம், பிறகு உருது, கடைசி அறையில் ஸ்பானிஷ். கதவுகளைச் சாத்தினாலும் எங்கள் தமிழ் ஜெபம் மட்டும் நான்கு அறைக்கும் கேட்கும். ஒரு ஞாயிறு, நான் தமிழ் அறையைப் பூனைபோலக் கடந்து கடைசி அறைக்குள் நுழைந்தேன். பக்தி முற்றிப்போய் அல்ல.

பழ இறக்குமதிக் கம்பெனியில் கப்பல் பேப்பர்கள் பார்ப்பது என் வேலை. ஈக்வடார் வாழைப்பழம், பெரு அவகாடோ. எங்கள் பிரிவில் பாதிப்பேரைக் குறைக்கப் போகிறார்கள், ஸ்பானிஷ் தெரிந்தால் தப்பிக்கலாம் என்று மேலாளர் காதில் போட்டார். பக்கத்து மேஜை லூசியா பெரு நாட்டுக்காரி. எங்கள் ஐக்கியத்துக்கு வா, பேசிப் பழகலாம், சாப்பாடும் உண்டு என்றாள். இலவச டியூஷன், அதுவும் பரிசுத்தமான இடத்தில்! முதல் நாளே ஒவ்வொருவராக வந்து கன்னத்தோடு கன்னம் வைத்தார்கள். நான் பாளையங்கோட்டைக்காரன், இரண்டு கைகளையும் கூப்பி, இடையில் வேலிபோல வைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன். நான் ஏதோ விரதம் இருப்பதாக நினைத்துக்கொண்டு தட்டில் பழம் மட்டும் வைத்தார்கள்.

வேலை ஆட்டம் காண்பதைத் தமிழ் அறையில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஜெபக் குறிப்பு கொடுப்பதும் ஊரில் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். முன்பு ஒரு சகோதரரின் மூலநோய்க்காக உருக்கமாக ஜெபித்தோம். அவர் ரூமுக்குப் போய்ச் சேருமுன் மாமியார் நம்மூர் நாசரேத்திலிருந்து போன் செய்து கருணைக்கிழங்கு சாப்பிடச் சொன்னார். என் மனைவி மெர்சியோ, ஜூனில் மகளோடு இங்கே வந்துவிடுவதாக இருந்தாள். பள்ளிக்கூட வேலைக்கு ராஜினாமாக் கடிதமும் எழுதிவைத்திருந்தாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

நாலாவது வாரம், கூட்டத்தை நடத்தும் கொலம்பியாக்காரர் ரஃபாயேல் என்னிடம் ஜெபக் குறிப்பு கேட்டார். தமிழில் என்றால் "கர்த்தருடைய சித்தத்தின்படி சில சோதனைகள்" என்று அழகாகச் சுற்றி மூடியிருப்பேன். ஸ்பானிஷில் சுற்றுவதற்குச் சொல் ஏது? குழந்தைக்குரிய இரண்டு சொல்தான் இருந்தது. "தெங்கோ மியேதோ" என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னதும் அழுதுவிட்டேன். எல்லோரும் எழுந்து வந்து என் தலையில் கைவைத்தார்கள். அத்தனை நாளில் அன்றுதான் நெஞ்சு லேசானது.

மறுநாள் மெர்சி கூப்பிட்டாள்.

"யாருங்க இவங்கல்லாம்? எதுக்கு உங்க தலைல கை வச்சிருக்காங்க?"

ரஃபாயேல் அன்பு மிகுதியில் அந்த ஜெபத்தைப் படமெடுத்து முகநூலில் போட்டு, என் பெயரையும் கோத்துவிட்டிருந்தார். "பிறந்தநாள் ஜெபம்" என்றேன்.

"உங்க பிறந்தநாள் ஆகஸ்ட்ல. மொழிபெயர்ப்பை அமுக்கிப் பாத்துட்டுத்தான் பேசுதேன். 'பயந்துபோயிருக்கிற நம் சகோதரனுக்காக ஜெபியுங்கள்'னு போட்டிருக்கு. கொலம்பியாக்காரருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியக்கூடாதோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். "லெட்டர் பைக்குள்ளதான் இருக்கு. இன்னைக்குக் குடுக்கதா இருந்தேன்" என்றாள். அவள் கடிதத்தைக் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் தன்னையும் வீடியோவில் சேர்க்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிறு போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தேன். வேலை இன்னும் இழுபறியில்தான் இருந்தது. ரஃபாயேல் மெர்சியிடம் குறிப்பு கேட்டார். நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

"எம் வீட்டுக்காரர் எதையும் எங்கிட்ட மறைக்காம இருக்கணும். இத அப்படியே சொல்லுங்க" என்றாள்.

மேஜையைச் சுற்றி எட்டுப் பேர், ஒருவருக்கும் தமிழ் தெரியாது. திரையில் இருந்தவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது. நடுவில் நான். உலக சமாதானத்துக்காக என்று சொல்லியிருந்தாலும் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். தெரிந்த ஸ்பானிஷில் தட்டுத்தடுமாறி அப்படியே சொன்னேன். அறை சிரிப்பில் குலுங்கியது. லூசியா மேஜையைத் தட்டினாள். பிறகு ஒவ்வொருவராக என் தலையில் கைவைத்தார்கள். கண்ணை மூடுமுன் போனைப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் அவளும் கையை நீட்டியிருந்தாள். திரை முழுக்க உள்ளங்கை. அவள் முகம் தெரியவில்லை.