அக்கா வீட்டுக் கதவின் சுழி

கண்ணாடிப் பட்டறையில் ஒருவர் கரண்டியால் உருகிய வெள்ளைக் கண்ணாடியை ஊற்றுகிறார், இன்னொருவர் நீலத்தை ஊற்றுகிறார். இரும்பு மேசையில் இரண்டும் இறுகுமுன், கண்ணாடியில் சுழிக்கோலம் போடும் சுழிக்காரர் இரட்டைப்பல் கம்பியை விட்டுக் கிண்டிவிடுகிறார். பாகாய்க் கிடக்கும் கண்ணாடியில் இரண்டு சுற்று, ஓர் இழுப்பு, அவ்வளவுதான். உருளை அதை வாங்கித் தகடாக்கித் தள்ளிவிடும். கிண்டும்போது அவர் வாய் சும்மா இருக்காது. உருளை சுற்றுகிறவரிடம் தம் மருமகன் வீட்டு வம்பைப் பேசிக்கொண்டே இருப்பார். யோசித்துப் போட்டால் சுழி செத்துப்போகும் என்பது அவர் கட்சி.

அன்று அவருடைய அக்கா வந்து நின்றாள், கையகலக் கண்ணாடித் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு. அவள் வாடகை வீட்டின் சமையலறைக் கதவுக் கண்ணாடி உடைந்து, மிஞ்சியது அந்தத் துண்டுதான். வீட்டுக்கார அம்மா வெளியூரிலிருந்து வருவதற்குள் அச்சு அசலாக அதே போல ஒன்று மாட்டியாக வேண்டும்.

"அவங்க அப்பா ஆசையா மாட்டினதுடா அது. வேற மாதிரி இருந்தா பெட்டியைத் தூக்குன்னுடுவாங்க."

"இதுக்கா இந்த மூஞ்சி? போட்டுத் தரேன், உக்காருக்கா."

துண்டைத் துணியோடு பக்கத்தில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்த அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெள்ளை என்று ஊற்றியதும் நெருப்பு நிறம், நீலம் என்று ஊற்றியதும் நெருப்பு நிறம்.

"இதுல எதுடா நீலம்?"

"ஆறினா தெரியும்."

"ஆறினப்புறம் தெரிஞ்சு என்னடா பண்றது?"

"இங்க எல்லாமே அப்படித்தான்."

சுழிக்காரருக்கு இன்னொரு பழக்கம். உடைந்த கண்ணாடி எங்கே கிடந்தாலும் எடுத்துச் சில்லுத் தொட்டியில் போட்டுவிடுவார். மறுபடி உருக்க உதவும். கல்யாண வீட்டில் உடைந்த தம்ளரைப் பொட்டலம் கட்டி எடுத்து வந்த மனிதர். அந்தக் கை, பேச்சுவாக்கில் பெஞ்சிலிருந்த அக்காவின் கண்ணாடித் துண்டையும் எடுத்துத் தொட்டியில் போட்டது. துணியை மட்டும் நாலாக மடித்து அக்காவிடம் நீட்டியது. உலைக்காரர் தொட்டியை அப்படியே உலைக்குள் கவிழ்த்தார்.

அக்கா துணியை உதறிப் பார்த்தாள். "டேய், துண்டு எங்கேடா?"

அவர் தொட்டியைப் பார்த்தார், தம் கையைப் பார்த்தார். "நானா போட்டேன்?"

"பின்னே, நானா?"

"உள்ள போனது போனதுதாண்ணே," என்றார் உலைக்காரர்.

"சரிக்கா, சுழி எப்படி இருந்துச்சு? கீழ பாத்துத்தானே சுருண்டுச்சு?"

"மேல பாத்துடா. தினம் பாத்திரம் கழுவுறப்போ அதைத்தானே பாத்துக்கிட்டு நிப்பேன்." அக்கா எதிரே நின்று காற்றில் வரைந்து காட்டினாள். அவருக்கு இடம் வலமாகிப்போயிற்று. என்றும் இல்லாத வழக்கமாக வாயை மூடிக்கொண்டு ஒரு தகடு போட்டார். செம்மை தணிந்ததும் பார்த்தார்கள்.

"இது என்னடா, கோழி கிளறின மாதிரி?"

அடுத்தது அதைவிட மோசம். தம் கை தமக்கே அந்நியமாகிவிட்டது போல விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

மறுபடி இரண்டு கரண்டியும் வந்து கவிழ்ந்தன.

"அண்ணே, இறுகுது," என்றார் உருளை சுற்றுகிறவர்.

சுழிக்காரர் கம்பியை ஊன்றிக்கொண்டு திரும்பாமலே சொன்னார்: "அக்கா, அந்தச் சுழியை என் முதுகுல போட்டுக் காட்டு."

அக்கா பின்னால் போய் நின்றாள். வியர்வையில் சுருங்கி ஒட்டியிருந்த சட்டையைக் கீழே இழுத்துச் சமமாக்கினாள். கண்ணை மூடி, அவர் தோளுக்கடியில் விரலை வைத்து மெல்ல வளைத்தாள். பாகில் கம்பியும் அதே போக்கில் வளைந்தது.