சுவருக்கு அப்பால் கேட்ட குரல்

எங்கள் கண்ணாடி அறையில் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. அது எரியத் தொடங்கினால் பாராளுமன்றத்தில் எழுந்து நிற்பவர் யாரோ அவராகத்தான் நாங்கள் பேச வேண்டும். உறுப்பினர் சிங்களத்தில் "நான் எச்சரிக்கிறேன்" என்றால் உரைபெயர்ப்பாளரும் தமிழில் "நான் எச்சரிக்கிறேன்" என்பார். "அவர் எச்சரிக்கிறார்" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அவர் கத்தினால் நாங்களும் கொஞ்சம் கத்த வேண்டும். நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. முதல்நாள் அந்த விளக்கு எரிந்தபோது என் கை நடுங்கிய நடுக்கத்தில் தண்ணீர்க் கிளாஸ் மேசையில் கடகடவென்று அடித்தது. பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே கிளாஸை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

அவர்தான் எங்கள் பிரிவில் மூத்தவர். மற்றவர்களுக்கு அவர் சேர், எனக்கு, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா. கொம்பனித்தெருவில், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வரிசை வீடொன்றில் மனைவியோடும் ஒரே மகனோடும் இருந்தார். நாங்கள் இருவரும் ஒரு சோடியாக அறையில் இருப்போம். ஒருவர் களைத்தால் மற்றவர் வாங்கிக்கொள்வோம். "கொரலக் குடுத்தா முழுசாக் குடுக்கணும் தங்கச்சி, அரைவாசி குடுத்தா பொய்யாப் போயிரும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. யுத்த காலத்தில் தமிழர்கள் தங்கும் வெள்ளவத்தை லொட்ஜுகளைச் சல்லடை போட்டுத் தேட வேண்டும் என்று யாராவது பேச எழுந்தால், நான் வெள்ளவத்தைக்காரி என்பதால், என் முறையாக இருந்தாலும் ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பிவிடுவார். என்னைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வார். நானும் நல்ல பிள்ளையாக எழுந்து போய்விடுவேன்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அடுத்தநாள் யார் பேசப் போகிறார் என்று தெரிந்தால், அந்த உறுப்பினரின் பழைய உரையைப் போனில் போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டு முன்னறையில் நின்று தமிழில் பேசிப் பார்ப்பார். வாய்க்குள் முணுமுணுத்தால் அது பயிற்சியாகாது என்பது அவர் வாதம். முழுக் குரலில், கையை ஓங்கி, உறுப்பினர் மூச்சு வாங்கும் இடத்தில் தானும் மூச்சு வாங்கிப் பேசுவார். சிங்கள உரை அவர் காதுக்குள் மட்டும் ஓடும். வெளியே கேட்பது அவருடைய தமிழ் மட்டும்தான். இது எத்தனை பெரிய ஆபத்து என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தொழில் அப்படி எங்கள் கண்ணைக் கட்டியிருந்தது.

தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு கொழும்பில் எல்லோரும் எல்லோருக்கும் பயந்தோம். பஸ்ஸில் யாருடைய பை காலில் பட்டாலும் நெஞ்சு திடுக்கிட்டது. முன்பு தமிழர்களான எங்கள் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண்கள் இப்போது நானாவின் தாடியைப் பார்த்தன. எனக்கு அந்தப் பார்வையை நன்றாகத் தெரியும். அது என்னை விட்டு நகர்ந்ததில் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அந்த நிம்மதியும் எனக்குப் பயமாகவே இருந்தது. நானாவின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணின் தங்கை அன்று கொட்டாஞ்சேனைப் பக்கம் கோயிலுக்குப் பூசைக்குப் போனவள், திரும்பி வரவில்லை. நானாவின் மனைவி போய்க் கையைப் பிடித்து அழுதுவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகும் அந்த வீட்டு யன்னல் திறக்கவில்லை என்று நானா சொன்னார்.

அந்த வாரம் ஆளுக்கு ஆள் பயந்து நடுங்கிக்கொண்டிருக்க, பயங்கரவாதம் பற்றியும் சர்வதேசப் பாதுகாப்பு பற்றியும் ஒரு பெரிய உறுப்பினர் உரையாற்ற எழுந்தார். பயங்கரவாதத்துக்கு எல்லைக் கோடு கிடையாது என்று தொடங்கினார். நட்பு நாடுகளின் உளவுத் தகவல், கடல் தாண்டி வரும் பணம், விமான நிலையங்கள் என்று உலகத்தைச் சுற்றி வந்தார். விளக்கு நானா பக்கம் எரிந்துகொண்டிருந்தது. அவர் குரல் ஏறி இறங்கியது. எங்கள் மேலதிகாரி கதவைச் சத்தமில்லாமல் திறந்து என்னை வெளியே கூப்பிட்டது அப்போதுதான். நானாவின் மனைவி அலுவலகத்துக்குப் போன் எடுத்திருந்தார். நானா வீட்டிலிருந்து ஒருவன் தினமும் குண்டு, அழிப்பு என்று கத்துகிறான் என்று பொலிஸுக்குத் தகவல் போயிருக்கிறது. வந்தவர்கள் யாருடைய குரல் அது என்று கேட்டிருக்கிறார்கள். வாப்பாவின் பாராளுமன்ற வேலைக்கு ஆபத்து வந்துவிடும் என்று பயந்த மகன், கதைத்தது தான்தான் என்று சொல்லிவிட்டான். அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த நாட்களில் உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று எவராலும் சொல்ல முடியாது. என் அண்ணாவை யுத்த காலத்தில் எங்கள் பிளாட்டிலிருந்து "சும்மா விசாரிக்க" என்றுதான் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. எப்படி உள்ளே போய் இருந்தேன் என்று தெரியாது. கண்ணாடியில் என் முகத்தைக் கண்ட நானா, குரலை மறிக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு என்னவென்று கேட்டார். மகனைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது என்று சொல்லி, ஒலிவாங்கியை என் பக்கம் இழுக்கக் கை நீட்டினேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டார்.

"இப்ப கொரல் மாறினா, என்னத்துக்கு மாறின எண்டு கேப்பாங்க தங்கச்சி."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். கீழே உறுப்பினர் மேசையைத் தட்டினார். நானா தமிழில் சொன்னார்: "சர்வதேசப் பாதுகாப்பு வேறெங்கோ தொடங்குவதில்லை, உங்கள் பக்கத்து வீட்டில் தொடங்குகிறது. சந்தேகமான ஒரு சொல் காதில் விழுந்தாலும் மறைக்காதீர்கள் என்று நான் உங்களை மன்றாடுகிறேன்." ஒரு சொல்லும் பிசகவில்லை. அவருடைய சேர்ட் முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

பின்னேரம் நானும் அவரோடு பொலிஸுக்குப் போனேன். தைரியத்தில் போகவில்லை, அவரைத் தனியே விட்டுவிட்டு வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது. மகன் மர வாங்கில் குனிந்து இருந்தான், எங்களைக் கண்டும் எழும்பவில்லை. நானா தன் அட்டையைக் காட்டி, அந்தக் குரல் தன்னுடையது, அது தன் தொழில் என்று சிங்களத்தில் பணிவாகச் சொன்னார். பொறுப்பதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே குரலுக்கு வாப்பாவும் மகனும் சொந்தம் கொண்டாடினால் யார்தான் நம்புவார்? அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினார். கறுப்புச் சட்டையோடு வந்து கதவோரம் நின்ற அவளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அதிகாரி போனில், நானா வீட்டில் பேசிப் பார்த்த அந்த உறுப்பினரின் உரையொன்றைத் தேடி எடுத்து, நானாவிடம் ஹெட்போனைக் கொடுத்து, வீட்டில் செய்வதைச் செய்யச் சொன்னார்.

நானா பேசினார். என்றைக்கும் முழுக்குரல் கொடுத்தவர், துதி ஓதுவதுபோல மெல்ல முணுமுணுத்தார். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "இந்தச் சத்தம் இல்ல சேர். அது நல்ல கோவமாக் கேட்டது" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அதிகாரி மகன் பக்கம் திரும்பினார். அதைக் கண்ட நானா கண்ணை மூடிக்கொண்டு, கையை ஓங்கி, அந்த அறை அதிரக் கத்தினார்: "இவர்களின் வேரைப் பிடுங்கி எறியும்வரை நான் உறங்கமாட்டேன்! இவர்களின் பிள்ளைகளுக்கும் இந்த மண்ணில் இடமில்லை!" அந்தப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டாள். "ஓம், இதுதான், இதுதான்" என்றாள். வாங்கில் இருந்த மகன் வாப்பாவை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

அதிகாரி ஹெட்போனைக் கழற்றச் சொல்லி, உரையைச் சத்தமாகப் போட்டார். அதே வசனத்தை உறுப்பினர் சிங்களத்தில் சொல்வது கேட்டது. சபையில் மேசை தட்டும் ஒலியும் கேட்டது. அதிகாரி சிரித்துவிட்டார். நல்ல பேச்சல்லவா என்றார். மகனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். நாங்கள் படியிறங்கும்போது பின்னால் வந்து, இனிமேல் வீட்டில் பயிற்சி செய்வதென்றால் சிங்களத்தில் செய்யுங்கள், ஒருவரும் பயப்படமாட்டார்கள் என்று அக்கறையோடு சொன்னார். அவர் கேலி செய்யவில்லை.

அதற்குப் பிறகு நானாவின் குரல் பழையபடி எழவேயில்லை. தமிழ்க் குரலில் உயிரில்லை என்று முறைப்பாடு வந்தது. முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டு மனைவியோடும் மகனோடும் தெஹிவளைக்குப் போய்விட்டார். போனில் கதைத்தால் இரண்டு முறை கேட்டுத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த உறுப்பினர் இன்றும் பயங்கரவாதம் பற்றிப் பேசுகிறார். அவருக்கு இப்போது நான்தான் குரல் கொடுக்கிறேன். போன மாதம் எங்கள் பிளாட்டில் எதிர்வீட்டுக்கு ஒரு தமிழ்க் குடும்பம் புதிதாக வந்தது. பெட்டிகள் ஏற்றி முடியமுன்னரே நான் போய்க் கதவைத் தட்டினேன். பாராளுமன்றத்தில் வேலை செய்கிறேன் என்றும், எங்கள் வீட்டில் யாரோ கத்துவதுபோலக் கேட்டால் பயப்பட வேண்டாம், அது நான் இல்லை என்றும் சொன்னேன்.

"அப்ப ஆர் அன்ரி கதைக்கிறது?" என்று கேட்டாள் கதவைத் திறந்த இளம்பெண்.

நான் விளக்கத் தொடங்கினேன். அவள் மரியாதையாகச் சிரித்து, எல்லாம் விளங்கியதாகத் தலையாட்டிக் கதவைச் சாத்தினாள். நான் திரும்பி என் வாசலுக்கு வருமுன்னரே, உள்ளே மேல் தாழ்ப்பாளையும் பிறகு கீழ்த் தாழ்ப்பாளையும் அவள் போடுவது கேட்டது.