ஃப்ரீசரில் சுரண்டிய பனி

காலை பதினொன்று பத்துக்கு என் மகளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"அம்மா, மெழுகுவத்திய அணைச்ச மாதிரி வாசம் வருதுங்க. நீங்க அனுப்புன பட்டையிலிருந்துதான் வருதாட்ட இருக்குது. வண்டிய நிறுத்தி எறங்கிப் பாத்துட்டுக் கூப்புடறேனுங்க."

பிறகு அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. இப்போதும் கடிகாரத்தில் பதினொன்று பத்தைப் பார்த்தால் கை தானாகப் போனைத் தேடுகிறது.

அவள் மெக்கானிக்கல் படித்தவள். வடக்கே ஒரு மலையூரில், சுற்றுலாக்காரர்களைப் பனியில் ஏற்றிப்போகும் ஸ்னோமொபைல்களைப் பராமரிப்பது அவள் வேலை. அந்த வண்டிக்கு முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக அகலமான ரப்பர் ட்ராக் ஒன்று சுற்றி ஓடும். ட்ராக்குக்கு உள்ளே, தண்டவாளம் போல இரண்டு உலோகச் சட்டங்கள். அவற்றின் அடிவிளிம்பில் சட்டத்துக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் பட்டை. ட்ராக்கின் இரும்புக் கிளிப்புகள் அந்தப் பட்டையின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். சட்டம் தேயாமல் இருக்க, பட்டை தேய்கிறது. அவ்வளவுதான் ஏற்பாடு.

கோவையில் என் பட்டறையில் மில்லுக்கும் தறிக்கும் வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களைக் கடைகிறோம். "இந்தப் பட்டைய நீங்களே செஞ்சு அனுப்புங்கம்மா" என்று மகள் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு பட்டைகளை இழைத்து, கைவிரலால் தடவித் தடவிப் பார்த்து அனுப்பினேன்.

அவற்றைப் பூட்டிய அன்று சாயங்காலம் கூப்பிட்டாள். "ட்ராக் சித்த தொங்கோணும்னு புத்தகத்துல போட்டிருக்குதுங்க. எவ்வளவு விடறது?"

"தொங்குனா நழுவும் கண்ணு. போல்ட்ட ரெண்டு சுத்து இழுத்து வெய்யி. தட்டுனா தவிலாட்டப் பேசோணும்."

பக்கத்துச் சோமனூரின் விசைத்தறிகளில் பெல்ட் தளர்ந்தால் துணி கெடும். முப்பது வருடமாகத் தளர்வு என்றால் எனக்குக் குற்றம். அவள் புத்தகத்தை மூடிவிட்டு, "சரிங்கம்மா" என்றாள். மறுநாள் காலை அந்த வண்டியைத்தான் தனியாக மேல்பாதைக்கு ஓட்டிப் பார்க்கப் போயிருந்தாள்; அங்கிருந்து வந்ததுதான் அந்தக் குரல் செய்தி.

நான் திரும்பத் திரும்ப அவள் எண்ணைப் போடுவதைப் பார்த்துவிட்டு, என் பட்டறை ஃபிட்டர் லேத்தை நிறுத்தினார். சோமனூர்க்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். செய்தியைப் போட்டுக் காட்டினேன்.

"மெழுகு வாசமா? இருங்கக்கா" என்றவர், லேத்தை மறுபடி ஓட்டி, மிச்சமிருந்த பட்டைத் துண்டை அதில் சுழலும் இரும்புச் சக்கரத்தில் லேசாக வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் மெல்லிய புகை. பட்டறை முழுக்க அணைந்த மெழுகுவத்தி வாசம்.

"பட்டை மேல தப்பில்லீங்க. அழுத்தந்தான் தப்பு. யாரு இத்தனை இழுத்துக் கட்டச் சொன்னது?"

"தவிலாட்டப் பேசோணும்னு நாந்தான்..." என்று ஆரம்பித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். நாங்கள் டீக்குப் பால் வைக்கும் பழைய ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் கட்டியிருந்த பனியை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, ஒரு டம்ளரில் கொண்டுவந்தார். "கோயமுத்தூர்ல பனி இவ்வளவுதானுங்க. கோவிச்சுக்காதீங்க" என்று சக்கரத்தின் மேல் தூவினார். மறுபடி அதே அழுத்தத்தில் வைத்த பட்டை, இப்போது புகையாமல் வழுக்கியது.

அப்போதுதான் முழுதும் புரிந்தது. ஓடும்போது உள்ளே தெறிக்கும் பனிதான் அந்தப் பட்டைக்கு எண்ணெயும் தண்ணீரும். அங்கே ஒரு வாரமாகப் புதுப் பனி இல்லை, பாதை கண்ணாடியாக இறுகிக் கிடக்கிறது என்று அவளே சொல்லியிருந்தாள். இறுகிய பாதையில், நான் இறுக்கச் சொன்ன ட்ராக்கோடு என் பெண் தனியாக.

'ட்ராக்கைத் தளர்த்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு. பனியை அள்ளி உள்ளே போடு. அம்மா சொன்னது தப்பு.' எழுதி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலேயே இருந்தது. ஃபிட்டரும் சாப்பிடவில்லை. "அது வெவரமான புள்ளைங்க" என்று நாலைந்து முறை சொன்னார். எனக்காகவா அவருக்காகவா தெரியவில்லை.

மூன்றேமுக்காலுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"குளுர்ல என் போன் செத்துப்போச்சுங்கம்மா. இப்பத்தான் ஷெட்டுக்கு வந்தேன். பட்டை உருகிக் கிளிப்புல ஒட்டிக்கிச்சு, வண்டி நவுரவே இல்லீங்க. ஆற விட்டு, போல்ட்டத் தளத்தி, நெழல்ல கெடந்த பனிய மண்வெட்டியில அள்ளி அள்ளிப் போட்டேன். ஒவ்வொரு வளைவுலயும் நின்னு தீனி போட்டு ஓட்டியாந்தனுங்க, எருமையாட்ட."

என் செய்தி அவளுக்குப் போயிருக்கவில்லை. எல்லாம் அவளாகவே செய்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஃபிட்டர் திரும்பி நின்று லேத்தைத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்த லேத்தை.

அதற்குப் பிறகும் பட்டைகள் அனுப்பினேன். எவ்வளவு இறுக்குவது என்று நான் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. அந்தப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டேன். இனி என்னிடம் எதையும் கேட்கமாட்டாளோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

பனி முடிந்து சித்திரையில் ஊருக்கு வந்தாள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேராகப் பட்டறை. பையைத் திறந்து மேஜையில் இரண்டு பட்டைகளை வைத்தாள். ஒன்று முன்பக்கம் உருகிக் கறுத்தது. மற்றது, தளர்த்திப் பூட்டி ஒரு பருவம் முழுக்க ஓடியது. விரல் வைத்துப் பார்த்தேன், ஒரே சீராக, கொஞ்சமே தேய்ந்திருந்தது.

"தவிலாட்டப் பேச வேண்டாங்கம்மா, சித்த தொங்கட்டும்" என்றாள். "சட்டத்தோட வளைவுக்கு ஏத்தாப்புல பட்டையோட இந்த முனைய மட்டும் எப்படி வளைக்கறதுன்னு தெரியல, நீங்க சொல்லுங்க. அதுக்கு முன்னால சோறு இருக்குதுங்களா?"